ஆறாவது கம்பிக்கு ஒரு சர்வோ மீட்டி

சர்வோ மீட்டி என்பது கிடாரின் ஒரு கம்பியை மட்டும், வாசிப்பவரின் கால் அசைவுக்கு ஏற்ப மீட்டிக்கொடுக்கும் சிறு இயந்திரம். ஒரு சிறிய மோட்டார், அதன் கையில் ஒரு பிக், தரையில் ஒரு சுவிட்ச், இவற்றை இணைக்கும் ஓர் ஆர்டுயினோ போர்டு: இவ்வளவுதான் அதன் உறுப்புகள். கிடாரில் இரண்டு கைகளாலும் விரல்பலகையில் தட்டி வாசிக்கும் 'டாப்பிங்' முறையில் அடிக்கம்பியை மீட்ட விரல் மிஞ்சுவதில்லை. மேலே மெட்டு ஓடும்போது கீழே சுருதி அறுந்துபோகிறது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கான கருவி இது.

வீணையில் இதே தேவைக்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. வாசிப்புத் தந்திகள் நான்கின் பக்கத்தில் தாளத் தந்திகள் மூன்று இருக்கும். வலது கைச் சுண்டுவிரல் அவற்றை இடையிடையே மீட்டிக்கொண்டே போகும். சர்வோ மீட்டி கிடாரில் செய்வது அந்தச் சுண்டுவிரலின் வேலை. எந்த நேரத்தில் மீட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது கடைசி வரை வாசிப்பவர்தான்.

இதற்கு முன் வந்தவை

கிடாரோடு மோட்டாரைச் சேர்க்கும் முயற்சி புதிதல்ல. 10சிசி இசைக்குழுவின் கெவின் காட்லியும் லால் கிரீமும் 1970-களில் உருவாக்கிய கிஸ்மோட்ரான், சுழலும் சிறு சக்கரங்களைக் கம்பிமேல் உரசி வயலின் போன்ற தொடர் ஒலியை எழுப்பியது. பால் கில்பர்ட் 1991-இல் மிஸ்டர் பிக் குழுவுக்காக ஒரு கை டிரில்லின் முனையில் பிக்குகளைக் கட்டி மீட்டினார். கிப்சன் நிறுவனம் 2007-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோபாட் கிடார், தன் கம்பிகளைத் தானே சுருதி சேர்த்துக்கொண்டது.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது எரிக் சிங்கரின் லெமூர் குழு உருவாக்கிய கிடார்பாட். அதற்கு வாசிப்பவரே தேவையில்லை. இயந்திரமே முழுதாக வாசிக்கும். வாசிப்பவரின் இடத்தைப் பிடிக்கும் இயந்திரம் வேறு, அவருக்குக் கூடுதல் விரல் தரும் இயந்திரம் வேறு. இந்த அத்தியாயம் இரண்டாவது வகையைப் பற்றியது. அதில் செய்வதற்கு எளிதானதும் உடனே இசைக்குப் பயன்படுவதும் ஒற்றைக் கம்பி மீட்டிதான்.

தேவையான பொருள்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ, எந்த ஊரிலும் கல்லூரி மாணவர்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையிலோ இவை எல்லாமே கிடைக்கும்.

- எம்.ஜி.90எஸ் சர்வோ மோட்டார் 1. விலை குறைந்த எஸ்.ஜி.90 வகையும் ஓடும். ஆனால் அதன் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். கம்பியில் பிக் சிக்கும் ஒவ்வொரு முறையும் பற்கள் தேயும். விலை வித்தியாசம் பெரிதல்ல என்பதால் உலோகப் பல் உள்ளதையே வாங்குவது நல்லது.
- ஆர்டுயினோ ஊனோ போர்டு 1, அதற்கான யுஎஸ்பி கேபிள்.
- 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் 1. இது மோட்டாருக்கு மட்டும்.
- 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் 1.
- அழுத்தினால் இணைந்து, விட்டால் பிரியும் வகைக் கால் சுவிட்ச் 1. அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் வகையைக் கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்துவிடுவது வழக்கம். வாங்கும்போதே மல்ட்டிமீட்டரின் பீப் ஒலியில் சோதித்துக்கொள்ள வேண்டும்.
- சாதாரண டாகிள் சுவிட்ச் 1, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் 1.
- 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு, 2 மி.மீ. கார்க் ஷீட், 4 மி.மீ. திருகும் காதுநட்டும், சிறு 'ட' வடிவ இரும்புப் பட்டை, 2 மி.மீ. திருகுகள்.
- 0.46 மி.மீ. அல்லது 0.60 மி.மீ. நைலான் பிக்குகள், நான்கைந்து.
- ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடார். முதல் முயற்சிக்கு வீட்டிலுள்ள பழைய கிடாரே போதும். விலையுயர்ந்த கருவியில் தொடங்க வேண்டாம்.

தொடங்குமுன் பாதுகாப்பு

அக்கூஸ்டிக் கிடாரின் ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. அறுந்த கம்பி முகத்தை நோக்கி வரும். பிக்கின் ஆழத்தைச் சரிசெய்யும் வேலை முழுவதும் முகத்தைக் கம்பிக்கு அருகில் வைத்தே நடப்பதால், அப்போது கண்ணாடி அணிவது கட்டாயம். வாசிப்பதற்குப் போடும் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பட்டறையில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

சால்டரிங் வேலையை ஒருபோதும் கிடாருக்கு மேலே செய்யக் கூடாது. ஒரு துளி சூடான ஈயம் விழுந்தால் வார்னிஷில் விழும் வடு போகாது. 60/40 ஈயத்தைக் கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையை மூச்சில் இழுக்காதபடி ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.

230 வோல்ட் மின்சாரத்தைத் தொடும் எந்த வேலையும் இந்தத் திட்டத்தில் கிடையாது. அடாப்டரைப் பிரிப்பதோ, சொந்தமாகப் பவர் சப்ளை கட்டுவதோ வேண்டாம். கெப்பாசிட்டரைத் தலைகீழாக இணைத்தால் அது வீங்கி வெடிக்கலாம். அதன் உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை.

கடைசியாக ஒன்று, கிடாருக்கான பாதுகாப்பு. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள பழைய கிடார்களில் ரப்பரோ, பி.வி.சி.யோ நாள்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் பூச்சு இளகி, நிறம் மாறி ஒட்டிக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுவதும் ரப்பருக்குப் பதில் கார்க்கைப் பயன்படுத்தக் காரணம் அதுதான்.

முதல் கட்டம்: மேசைமேல் மின்சுற்று

கிடாரை உறையிலேயே விட்டுவிட்டு இந்தக் கட்டத்தை முடிக்க வேண்டும். மோட்டார் மேசைமேல் ஒழுங்காக ஆடாதவரை கிடார் பக்கம் போவதில் பயனில்லை.

1. சர்வோவின் மூன்று ஒயர்களை அடையாளம் காண வேண்டும். பழுப்பு எதிர்முனை, சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு கட்டளை.
2. சிவப்பை அடாப்டரின் நேர்முனையோடும், பழுப்பை எதிர்முனையோடும் இணைக்க வேண்டும். அதே இரு முனைகளுக்கு நடுவே, சர்வோவுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், கெப்பாசிட்டர் வர வேண்டும்.
3. அடாப்டரின் எதிர்முனையிலிருந்து ஒரு ஒயரை ஆர்டுயினோவின் கிரவுண்டு துளைக்குக் கொண்டுபோக வேண்டும்.
4. ஆரஞ்சு ஒயர் ஆர்டுயினோவின் 9-ஆம் துளைக்கு.
5. கால் சுவிட்சின் ஒரு முனை 2-ஆம் துளைக்கும் மறுமுனை கிரவுண்டுக்கும். டாகிள் சுவிட்ச் அதேபோல் 4-ஆம் துளைக்கும் கிரவுண்டுக்கும்.
6. பொட்டென்ஷியோமீட்டரின் இரு ஓரக் கால்களும் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும்; நடுக்கால் ஏ0 துளைக்கு.

மூன்றாவது படிதான் அதிகம் பேர் விட்டுவிடும் படி. இரண்டு மின்வழங்கிகளுக்கும் கிரவுண்டு பொதுவாக இல்லாவிட்டால், ஆர்டுயினோ அனுப்பும் கட்டளையை அளக்க சர்வோவுக்கு ஆதாரப்புள்ளி கிடையாது. அது நடுங்கும், சில சமயம் ஒரு மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் செய்பவர் மோட்டார் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்.

அடுத்த பொதுத் தவறு, அடாப்டர் எதற்கு என்று மோட்டாரை ஆர்டுயினோவின் 5 வோல்ட் துளையிலேயே சொருகுவது. இந்தச் சிறு மோட்டாரும் சிக்கி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது வோல்ட் இறங்கி ஆர்டுயினோ அணைந்து மறுபடி எழும். மேடையில் அந்த ஒன்றிரண்டு விநாடி மிக நீளமானது.

இரண்டாம் கட்டம்: நிரல்

ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் சர்வோ நூலகம் போதும். அதில் கோணத்தை டிகிரியில் சொல்லும் கட்டளையும் உண்டு, துடிப்பின் நீளத்தை மைக்ரோ விநாடியில் சொல்லும் கட்டளையும் உண்டு. இரண்டாவதையே பயன்படுத்த வேண்டும். 1 டிகிரி என்பது ஏறக்குறைய 10 மைக்ரோ விநாடி. ஆகவே அரை டிகிரி, கால் டிகிரி அளவுக்கு நுணுக்கமாகத் திருத்த முடிகிறது. கம்பிகளின் நடுவே உள்ள இடைவெளி 10 மி.மீ. மட்டுமே என்னும்போது இந்த நுணுக்கம் தேவைப்படும்.

நிரல் செய்ய வேண்டியவை, வரிசைப்படி:

1. இரண்டு எண்களை மேலே எழுதிவைக்க வேண்டும்: இடம் 1430, வலம் 1570. நடு 1500. இது நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 7 டிகிரி.
2. சுவிட்ச் துளைகளை உள்ளமைந்த மேலிழு ரெசிஸ்டர் (INPUT_PULLUP) முறையில் அமைக்க வேண்டும். இந்த முறையில் சுவிட்ச் அழுத்தப்படும்போது துளை தாழ்நிலைக்கு வரும். நிரலில் அதை நினைவில் கொள்ள வேண்டும்.
3. கால் சுவிட்ச் அழுந்தியதும் கை இடத்தில் இருந்தால் வலத்துக்கும், வலத்தில் இருந்தால் இடத்துக்கும் போக வேண்டும். ஒரு அழுத்தம், ஒரு மீட்டு. திரும்பி வருவதே அடுத்த மீட்டு என்பதால் வீணாகும் அசைவு எதுவும் இல்லை.
4. ஒரு அழுத்தத்தை ஏற்றபின் 50 மில்லி விநாடிக்குச் சுவிட்சைக் கவனிக்கக் கூடாது. உலோகத் தொடுமுனைகள் அழுந்தும்போது பலமுறை துள்ளும். அதை ஐந்தாறு அழுத்தங்களாக எண்ணாமல் இருக்க இது.
5. டாகிள் சுவிட்ச் தானியங்கி நிலையில் இருந்தால், பொட்டென்ஷியோமீட்டரின் நிலையை நிமிடத்துக்கு 40 முதல் 160 வரையான வேகமாக மாற்றி, 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, அத்தனை மில்லி விநாடிக்கு ஒருமுறை மீட்ட வேண்டும். வேகம் 80 என்றால் 750 மில்லி விநாடி.
6. கடைசி மீட்டு முடிந்து 2 விநாடிக்கு வேலை இல்லையென்றால் சர்வோவின் இணைப்பை நிரலிலேயே துண்டித்துவிட வேண்டும். மோட்டார் கோணத்தைப் பிடித்துவைக்க எழுப்பும் மெல்லிய ரீங்காரம் உடனே நிற்கும். அக்கூஸ்டிக் கிடாரின் பெட்டி அந்த ரீங்காரத்தையும் பெருக்கிக் கொடுக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

நான்காவது படியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல பாடநூல்களில் சுவிட்ச் துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அழுத்தத்தை ஏற்கச் சொல்லியிருப்பார்கள். விளக்குப் போடும் சுவிட்சுக்கு அது சரி. இசைக்கருவியில் முதல் தொடுதலிலேயே மீட்டிவிட்டு, அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். அதேபோல் நிரலை நிறுத்திவைக்கும் 'டிலே' கட்டளை எங்குமே வரக் கூடாது. கடந்த நேரத்தைச் சொல்லும் 'மில்லிஸ்' எண்ணைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். நிறுத்திவைத்தால் அந்த இடைவெளியில் அழுத்திய கால் இயந்திரத்துக்குத் தெரியாது.

தாளத்தோடு மீட்டவைக்க விரும்பினால், எட்டு இடங்கள் கொண்ட ஒரு பட்டியலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் 1, 5, 7 ஆகிய இடங்களில் மட்டும் மீட்டு விழச் செய்தால் லகுவின் தொடக்கமும் இரு திருதங்களின் தொடக்கமும் அடிக்கம்பியில் கேட்கும். வலது கையால் தாளம் போட முடியாத வாசிப்பவருக்கு இது பெரிய துணை.

மூன்றாம் கட்டம்: கையும் பிக்கும்

1. நிரலில் சர்வோவை 1500-இல் நிறுத்த வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப் பிளாஸ்டிக் கையை அச்சின்மேல் அழுத்தி, நேராகக் கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்ட வேண்டும்.
2. அச்சில் பற்கள் இருப்பதால் கை துல்லியமாக நேராக நிற்காது. ஒரு பல் தள்ளினால் 15 டிகிரிக்கு மேல் மாறிவிடும். மிக நெருக்கமான பல்லில் மாட்டிவிட்டு, மீதியை நிரலின் நடு எண்ணில் திருத்திக்கொள்ள வேண்டும். கையை முறுக்கி நேராக்கப் பார்த்தால் உள்ளே பல் உடையும்.
3. பிக்கின் அகன்ற பக்கத்தில் 2 மி.மீ. துளைகள் இரண்டு போட்டு, இரண்டு திருகுகளால் கையோடு பிணைக்க வேண்டும். அச்சின் நடுவிலிருந்து பிக்கின் நுனிவரை 35 மி.மீ. வர வேண்டும்.
4. நுனியைத் தேய்தாளால் வட்டமாக்க வேண்டும். கூர் நுனி கம்பியின் சுற்றுக்கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

உடனடிப் பசையால் ஒட்டுவது வேலையைச் சுருக்கும் என்று தோன்றும். பிக் தேயும் பொருள், மாற்ற வேண்டிவரும் என்பதால் அந்த வழி வேண்டாம். அந்தப் பசையின் ஒரு சொட்டு கிடாரின் பூச்சில் விழுந்தாலும் எடுக்க முடியாது.

35 மி.மீ. நீளக் கை 7 டிகிரி திரும்பினால் நுனி பக்கவாட்டில் 4.3 மி.மீ. நகரும். ஐந்தாவது கம்பி 10 மி.மீ. தள்ளி இருப்பதால் அதைத் தொடாது. மீட்டப்பட்ட ஆறாவது கம்பி அதிர்ந்து திரும்பிவந்து பிக்கில் மோதாத அளவுக்குத் தூரமும் கிடைக்கும். கையை நீளமாக்கினாலோ குறைத்தாலோ இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

நான்காம் கட்டம்: தாங்கி

தாங்கி ஒலித்துளையின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிறது. கிடாரில் துளையிடவோ திருகவோ தேவையில்லை.

1. ப்ளைவுட்டில் 50 × 20 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் கார்க் ஒட்ட வேண்டும். ஒன்று பலகைக்கு மேலே, ஒன்று ஒலித்துளை வழியாக உள்ளே. இரண்டையும் இணைக்கும் 4 மி.மீ. திருகு, விளிம்பை ஒட்டி, துளைக்குள்ளே இறங்கும்.
2. சர்வோவைத் தாங்கும் பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்த 'ட' எழுத்து வடிவில் வெட்ட வேண்டும். செங்குத்துப் பகுதி விளிம்பின் வெளியே நிற்கும். கிடைப்பகுதி சுமார் 40 மி.மீ. நீண்டு ஆறாவது கம்பியின் மேலே வரும்.
3. கிடைப்பகுதியில் சர்வோவின் உடல் நுழைய 23 × 12 மி.மீ. செவ்வகத் துளை. அச்சு இருக்கும் முனை கம்பிப் பக்கமாகவும், அச்சு கம்பிக்கு இணையாகவும் அமைய வேண்டும். இப்போது பிக் ஊஞ்சல்போலக் கம்பிக்குக் குறுக்கே ஆடும்.
4. இந்தப் பலகையை மேல்துண்டோடு இரும்புப் பட்டையால் இணைக்கும்போது, பட்டையில் நீள்துளை இருக்க வேண்டும். ஏற்றி இறக்கிச் சரிசெய்ய அந்த நீள்துளைதான் வழி.

பெரும்பாலான கிடார்களில் ஆறாவது கம்பி விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளேயும், மேற்பலகையிலிருந்து 12 முதல் 15 மி.மீ. உயரத்திலும் ஓடும். ஆனால் வெட்டுமுன் கையிலுள்ள கிடாரை அளந்துகொள்வதே முறை.

எச்சரிக்கை: உள்ளே போகும் துண்டு எங்கே உட்காருகிறது என்பதை விரலால் தடவியோ, சிறு கண்ணாடியை உள்ளே பிடித்தோ பார்க்க வேண்டும். மேற்பலகையின் தடிமன் 3 மி.மீ.க்கும் குறைவு, அதன் அடியில் மரச்சட்டங்கள் ஓடுகின்றன. துண்டு ஒரு சட்டத்தின்மேல் பாதி ஏறி உட்கார்ந்த நிலையில் முடுக்கினால் பலகை விரியும். காதுநட்டை விரலால் மட்டுமே முடுக்க வேண்டும். குறடு தொடக் கூடாது.

ஐந்தாம் கட்டம்: பிக்கின் ஆழம்

நல்ல ஒலியும் கெட்ட ஒலியும் பிரிவது இந்த ஒரு மில்லிமீட்டரில். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே.

1. தாங்கியைப் பொருத்தும்போது மேல்துண்டின் கார்க்குக்கும் கிடார்ப் பலகைக்கும் நடுவே ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையைச் செருக வேண்டும். அதன் தடிமன் 0.76 மி.மீ.
2. சர்வோவை நடு நிலையில் வைத்து, பிக்கின் நுனி ஆறாவது கம்பியின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரத்தில் பட்டையின் திருகை முடுக்க வேண்டும். ஒரு தாள் துண்டை இடையில் விட்டு இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும்.
3. கையை ஓரத்துக்குத் திருப்பிவிட்டு, காதுநட்டைத் தளர்த்தி, அட்டையை உருவி எடுத்து மறுபடி முடுக்க வேண்டும். பிக் இப்போது கம்பியின் உச்சிக்குக் கீழே முக்கால் மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்.
4. மீட்டிக் கேட்க வேண்டும். ஒலி மிக மெல்லியதாக இருந்தால், இரண்டு அட்டைகளை வைத்து இதே வரிசையை மறுபடி செய்ய வேண்டும். அப்போது ஆழம் 1.5 மி.மீ. பெரும்பாலான கிடார்களுக்கு அதற்குமேல் தேவைப்படாது.

ஆழம் சரியா என்பதைக் காதே சொல்லிவிடும். சரியான ஆழத்தில் பிக் கம்பியை விட்டு நழுவும் ஒலி கேட்காது. கம்பியின் ஒலி மட்டும் எழும். ஆழம் கூடிவிட்டால் மீட்டுக்கு முன் 'டக்' என்று ஒரு தட்டும், அதைத் தொடர்ந்து பிக் துள்ளும் 'டிர்' ஓசையும் வரும். அந்த நிலையில் விட்டுவைத்தால் மோட்டார் சூடேறும், கம்பி பக்கவாட்டில் இழுபட்டுச் சுருதியும் ஒவ்வொரு மீட்டின் தொடக்கத்திலும் சற்று மேலேறிக் கேட்கும். பிக் வளையாமல் கம்பியை இழுக்கிறது என்று பொருள். ஆழத்தைக் குறைப்பது முதல் மருந்து. இன்னும் மெல்லிய பிக் இரண்டாவது.

இடது மீட்டும் வலது மீட்டும் ஒரே உரத்தில் கேட்கவில்லையென்றால் நடு எண் விலகியிருக்கிறது. இரண்டு எண்களையும் ஒரே திசையில் 10, 10 ஆக நகர்த்திக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வாசித்துப் பழகுதல்

காலை அழுத்துவதற்கும் கம்பி ஒலிப்பதற்கும் நடுவே சுமார் 40 மில்லி விநாடி வரை தாமதம் இருக்கும். சர்வோ 20 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதிய கட்டளையைக் கேட்டுக்கொள்ளும். அதற்குமேல் கை நகரும் நேரம். நிரலால் இதை அடியோடு ஒழிக்க முடியாது. கால் தாளத்தை ஒரு மயிரிழை முந்தப் பழகிக்கொள்ள வேண்டும். பேஸ் டிரம் பெடல் மிதித்துப் பழகியவர்களுக்கு இது விரைவில் பிடிபடும்.

1. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும். டி-யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் நான்காவது கம்பி திறந்த நிலையில் மேல் ஷட்ஜம், ஐந்தாவது பஞ்சமம்.
2. முதல் நாள்களில் கையில் வாசிப்பே வேண்டாம். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மிதி. இயந்திரத்தின் மீட்டு மெட்ரோனோமின் தட்டுக்குள் மறைந்துபோகும்வரை.
3. பிறகு இடது கை மட்டும், முதல் இரண்டு கம்பிகளில் சுத்தியல் போலத் தட்டி எடுக்கும் ஸ்வரங்கள். சரளி வரிசை இதற்குப் பொருத்தம். ஒவ்வொரு நான்கு ஸ்வரத்துக்கும் ஒரு மிதி.
4. வலது கை விரல்பலகைக்கு வருவது கடைசி. அது வந்ததும் கால் தடுமாறும். வேகத்தைப் பாதியாக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

தானியங்கி நிலையை இந்த நான்கும் கைவந்தபின்னரே தொடுவது நல்லது. முதலிலேயே அதற்குப் போனவர்கள் இயந்திரத்தைத் துரத்தி வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். நிறுத்தியும் நீட்டியும் வாசிக்கும் சுதந்திரம் போய்விடுகிறது. ஆலாபனைக்குக் கால், தாளத்துக்குள் நுழைந்ததும் தானியங்கி என்று பிரித்துக்கொள்வது இசைக்கு நல்லது.

ஒரு கையில் விரல் அசைவு குறைந்தவர்களுக்கும் இக்கருவி பயன்படும். அவர்களுக்குக் கால் சுவிட்சுக்குப் பதில் முழங்கையாலோ, முழங்காலாலோ அழுத்தக்கூடிய அகன்ற பொத்தான் வசதி. இணைப்பு அதே 2-ஆம் துளைதான்.

கோளாறும் காரணமும்

மோட்டார் ஓயாமல் நடுங்குகிறது: பொதுக் கிரவுண்டு விட்டுப்போயிருக்கும். அது சரியாக இருந்தால் கெப்பாசிட்டர் மோட்டாரிலிருந்து தொலைவில் இருக்கும்.

ஒரு மிதிக்கு இரண்டு மூன்று மீட்டு விழுகிறது: காத்திருக்கும் நேரத்தை 50-லிருந்து 80 மில்லி விநாடியாக்கலாம். மேலும் கூட்டினால் வேகமான வாசிப்பில் மிதிகள் விட்டுப்போகும். அந்த நிலையில் சுவிட்சையே மாற்றிவிடலாம்.

சில நாளில் ஒலி மங்குகிறது: பிக் நுனி தேய்ந்திருக்கும், அல்லது கார்க் அமுங்கி உயரம் மாறியிருக்கும். புதுக் கார்க் முதல் சில நாள் அமுங்குவது இயல்பு. மறுபடி அட்டை வைத்து ஆழம் பார்த்தால் போதும்.

பல்சக்கர ஓசை மைக்கில் கேட்கிறது: சர்வோவுக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய கார்க் துண்டு வைத்துத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். பியெசோ பிக்அப் உள்ள கிடாரில் ஓசை மரத்தின் வழியே ஏறுவதால் இது இன்னும் அவசியம்.

மோட்டார் தொட முடியாத அளவு சுடுகிறது: உடனே அடாப்டரைப் பிடுங்க வேண்டும். பிக் கம்பிமேலேயே நின்றுவிட்டிருக்கும். இடம், வலம் எண்கள் கம்பியைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

எலக்ட்ரிக் கிடாரில்

இங்கே கவ்விப் பிடிக்க ஒலித்துளை இல்லை; மோட்டார் எழுப்பும் காந்தப்புலத்தைக் காந்தப் பிக்அப் அப்படியே ஒலியாக்கும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். மீட்டியைப் பிக்அப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்பலகை முடியும் பக்கமாக அமைத்தால் இரைச்சல் குறையும். மோட்டாரின் மூன்று ஒயர்களையும் சடைபோல முறுக்கி, கிடார் கேபிளிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும். ஹம்பக்கர் பிக்அப் உள்ள கிடார் ஒற்றைச்சுருள் பிக்அப் உள்ளதைவிட இதற்கு ஏற்றது.

இன்னொரு கம்பிக்கு நீட்டித்தல்

ஐந்தாவது கம்பிக்கும் ஒரு மீட்டி வைத்தால் ஷட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி ஒலிக்கும் தம்புரா அமைப்பு கிடைக்கும். இரண்டு சர்வோக்களையும் பக்கம் பக்கமாக வைக்க முடியாது. கம்பிகளின் இடைவெளி 10 மி.மீ., சர்வோவின் அகலம் 23 மி.மீ. ஆகவே இரண்டாவதைக் கம்பியின் நீளவாக்கில் 35 மி.மீ. தள்ளி, விரல்பலகைப் பக்கமாக, தனிப் பலகையில் நிறுத்த வேண்டும். அங்கே மீட்டும் ஒலி சற்று உருண்டும் மென்மையாகவும் வரும்; பஞ்சமத்துக்கு அது பொருந்தும். கட்டளை ஒயர் 10-ஆம் துளைக்குப் போகும், கால் சுவிட்ச் இன்னொன்று 7-ஆம் துளைக்கு. 2 ஆம்பியர் அடாப்டர் இரண்டு மோட்டாருக்கும் தாங்கும். ஆனால் இரண்டாவதற்கும் தனியே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். ஆழம் பார்க்கும் வேலையை ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஐந்தாவது கம்பி மெல்லியது என்பதால் அங்கே ஓர் அட்டை ஆழமே போதும்.